மானாம்பதிக்குச் சொல்லாதது

என் மாமனார் எதனால் இறந்தார் என்று கேட்டவர்களுக்கெல்லாம், வயசாயிடுச்சு என்றுதான் சொன்னோம். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். பாம்பு கடித்தது, லாரியில் அடிபட்டது என்றால் எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று ஆயிரம் கேட்பார்கள். வயசு என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை. ஒருவர் மட்டும் கேட்டார். மாமாவின் ஒரே மகள், என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

நாங்கள் உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம். ஏரித் தண்ணீரில் நெல், மேட்டுக் கொல்லையில் வேர்க்கடலை. அண்ணியை மானாம்பதியில் கொடுத்திருந்தார்கள். ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் மாடு, கன்று, கழனி என்று கிடப்பவருக்கு நினைத்தபோது கிளம்ப முடியாது. பொங்கலுக்கு வருவார், ஆடிக் கிருத்திகைக்கு வருவார், நடுவில் யாராவது பிள்ளைக்குக் காது குத்தினால் வருவார். வருவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கடை போனுக்குத் தகவல் சொல்லிவிடுவார். அந்தத் தகவல் வந்துகொண்டிருந்ததால்தான் நாங்கள் செய்ததையெல்லாம் செய்ய முடிந்தது.

மாமாவுக்கு முதலில் குறைந்தது தூரம். தினமும் ஏரிக்கரை மேலே போய் மதகைப் பார்த்துவிட்டு வருகிறவர், ஒரு வருஷம் பிள்ளையார் கோயிலோடு திரும்ப ஆரம்பித்தார். ஏன் மாமா என்றால், "மதகுல இன்னாம்மா கீது? அது எங்க போவப் போவுது" என்று சிரிப்பார். அப்புறம் பிள்ளையார் கோயில் தூரமாகிவிட்டது. கைப்பம்பு வரை போனார். அப்புறம் வாசற்படி. யாரும் அவரைப் போகாதே என்று சொல்லவில்லை. கயிறு கட்டி யாரோ உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டு வந்தது போல் இருந்தது.

பிறகு நாக்கு. எதைப் போட்டாலும் உப்பு இல்லை என்பார். நான் அள்ளிப் போடுவேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாடி, கடலத் தூக்கியாந்து கொயம்புல ஊத்திட்டியா" என்பார். அதற்கப்புறம் மாமாவுக்கு மட்டும் தனியாக எடுத்து உப்புக் கலந்து வைத்தேன். ஒருநாள் கலக்க மறந்துபோனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்துக் கழுவக் கையை நீட்டினார். அவர் குறை சொன்ன நாளெல்லாம் எனக்குப் பயம் இல்லை. அன்றைக்குத்தான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார்.

"பெரியவருக்கு நோய்னு ஒண்ணும் இல்ல. வயசு" என்றார்.

"அதுக்கு ஒரு மாத்திர எழுதிக் குடுங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். விளையாட்டாகச் சொல்லவில்லை. டாக்டர் சிரித்துவிட்டு ஏதோ சத்து மாத்திரை எழுதினார். திரும்பும்போது பஸ்ஸில் மாமா மகனைக் கேட்டார்.

"இன்னாடா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லியாம் நைனா. நல்லாத்தான் கீறியாம்."

"அப்ப நான் ஏன் நிக்க முடியாம கீறேன்?"

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. வீட்டுக்காரர் நடவுக்குப் போயிருந்தார். உள்ளே ஈர வாடை அடித்தது. கூரை ஒழுகுகிறதோ என்று போய்ப் பார்த்தால், கூரை இல்லை, மாமாதான் கட்டிலிலேயே போய் நனைந்து கிடக்கிறார். அதுவரை அவரைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் மகன்தான். மகன் வருகிற வரைக்கும் அப்படியே போட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை. வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் துடைத்து, மாற்றி, பாயைத் திருப்பிப் போட்டு முடிக்கிற வரைக்கும் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. எனக்கு வாய்விட்டு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. நானும் அவரோடு சேர்ந்து முருகா என்றேன்.

எல்லாம் முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"இந்தாம்மா. மானாம்பதிக்குத் தெரிய வேணாம்."

"எது மாமா?"

"இதான். எல்லாந்தான். எம் பொண்ணு வந்தா என்னைக் குளிப்பாட்டிக் குந்த வெச்சிடு. சாமியப் பாத்துச் சொல்லு, சொல்ல மாட்டேன்னு."

சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அதற்கப்புறம் அண்ணி வருகிறார் என்று கடையிலிருந்து தகவல் வந்தால் எங்கள் வீட்டில் ஒரே வேலை. என் வீட்டுக்காரர் காலையிலேயே மாமாவின் முகத்தைச் சவரம் செய்து, வெந்நீர் ஊற்றி, சலவை வேட்டி கட்டிவிடுவார். நான் விபூதி குழைத்துப் பட்டையாக இடுவேன். நாற்காலியில் உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை, இடுப்பு சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் மடித்த போர்வை. அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டால் வெளியே தெரியாது. அந்தத் தைப் பொங்கலுக்கு வந்தபோது அண்ணி வாசலிலேயே நின்று சிரித்தார்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி குந்திக்கினு கீற?"

"உன் தம்பி பொண்டாட்டி சோறு போட்டே என்னைக் கொழுக்க வெச்சிட்டா" என்றார் மாமா. குரல்கூடக் கணீரென்று வந்தது. எங்கிருந்து வந்ததோ. அண்ணியின் பஸ் போனதும் அப்படியே சாய்ந்தவர்தான், மறுநாள் முழுக்கக் கண் திறக்கவில்லை.

மாசியில் அடங்கிப்போனார். மூச்சு இருக்கிறது, பேச்சு இல்லை. பங்காளிகள் வந்து பார்த்துவிட்டு, "பொண்ணுக்குச் சொல்லி அனுப்பு. பால் ஊத்தணும்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். உயிர் பிரியப்போகிற நேரத்தில் பெற்ற மகள் ஊற்றுகிற பால் தொண்டையில் இறங்கினால்தான் கட்டை நிம்மதியாகப் போகும் என்பார்கள். அண்ணி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் தூக்கு. தன் வீட்டு மாட்டின் பாலை அப்போதுதான் கறந்து காய்ச்சி எடுத்து வந்திருந்தார். உள்ளே நுழைந்தவர் படுத்துக் கிடந்த அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் கண்ணுக்கு மாமா படுத்தது அன்றைக்குத்தான்.

"இப்பத்தான பொங்கலுக்குப் பாத்துட்டுப் போனேன்" என்றார் என்னிடம். நான் தூக்கை வாங்கிக் கீழே வைத்தேன்.

வீடு நிறைய ஆட்கள். அண்ணி டம்ளரில் பாலை ஊற்றி, தகப்பனார் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மாமாவுக்கு அப்போதெல்லாம் தண்ணீராக எதைக் கொடுத்தாலும் இருமல் வரும். அதனால் நான் கஞ்சியைக் கூழ் பதத்துக்குக் காய்ச்சி விரலால்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, தொண்ட நனையற அளவுக்குப் போதும்" என்றேன்.

பங்காளி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி மூலையிலிருந்து, "தோ பாரு. பெத்த பொண்ணு ஊத்தற பாலுக்கு வந்தவ அளவு சொல்றா" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி டம்ளரைச் சாய்த்தார். முதல் வாய் உள்ளே போனது. இரண்டாவது வாய்க்கு மாமாவின் கண் அகலமாகத் திறந்தது. மூக்கு வழியாகப் பால் வந்தது. என் வீட்டுக்காரர் ஓடிவந்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் தட்டினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. மறுநாள் உடம்பு அனலாகச் சுட்டது. நெஞ்சில் கஞ்சி கொதிப்பது போல ஒரு சத்தம். அதற்கு அடுத்த நாள் பொழுது சாயும்போது சத்தம் நின்றது.

பேரன் பேத்தி எடுத்த உயிர், கல்யாணச் சாவு என்றார்கள். மேளம் வைத்தார்கள். பூப்பல்லக்கு கட்டினார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். தெருவில் பட்டாசு வெடித்தது. ஒப்பாரி வைக்க உட்கார்ந்த பெண்களைப் பார்த்துப் பெரியவர் ஒருவர், "நல்ல சாவு, அயக்கூடாது, அனுப்பி வைங்க" என்றார். அண்ணி அழவில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவில் தூணில் சாய்ந்து, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றார். புத்தியுள்ளவள், புரிந்துகொண்டாள் என்று ஊரே மெச்சியது.

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்தது. அண்ணி மட்டும் தங்கினார். மாமா போன நாளிலிருந்து பால் இல்லாத கடுங்காப்பிதான் குடித்தார். மோர் வேண்டாம் என்றார். துக்கத்துக்கு ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை. அண்ணி கையை நிறுத்தினார்.

"உன்னை ஒண்ணு கேக்கணும். சாமிக்குப் பொதுவா சொல்லு."

"கேளுங்க அண்ணி."

"என் பாலாலதான போனாரு?"

எனக்கு வாயில் வந்தது அந்த ஒரு வார்த்தைதான். "வயசு அண்ணி."

"அதத்தான் ஊரே சொல்லுது. பொங்கலுக்கு மாப்ள மாதிரி குந்திக்கினு இருந்தாரு. தைக்கும் மாசிக்கும் நடுவுல எத்தினி வயசு ஆயிடும்? நீ சொல்லேன். நல்லா இருந்த மனுசன். நான் வந்தேன், பால ஊத்தினேன், போய்ட்டாரு. எம் மாட்டுப் பாலுடி அது. எங் கையால கறந்தேன்."

அவர் கை நடுங்கியது. முந்தானையில் சுற்றி மறைத்தது அந்த நடுக்கத்தைத்தான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

நான் முருகன் படத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். மாமா தன் மானத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திறந்து காட்டாமல் இவர் மனசை ஆற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. செத்தவருக்குக் கொடுத்த வாக்கா, உயிரோடு எதிரில் நடுங்குகிறவரா? படிப்பாளிகளுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. முருகா, இது பாவம் என்றால் என் தலையில் எழுதிக்கொள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன்.

"அவரு நல்லா இல்ல அண்ணி. நாங்க குந்த வெச்சோம்."

"இன்னாது?"

"முதுகுல தலகாணி. ரெண்டு பக்கமும் போர்வை. மேல துண்டு. நீங்க போனதும் விழுந்துட்டாரு."

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மதகு, பிள்ளையார் கோயில், கைப்பம்பு என்று அவர் சுருங்கி வந்ததைச் சொன்னேன். உப்பைச் சொன்னேன். ஐப்பசி மழையன்று கட்டிலில் நனைந்து கிடந்ததைச் சொன்னேன். அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்ததைச் சொன்னேன். கயிறு இல்லாமல் ஆம்பிளை இருக்கக் கூடாது என்று அவர் மகன் ஒவ்வொரு மாதமும் அதைக் குறுக்கி முடிச்சுப் போடுவார். கடைசியில் கயிற்றைவிட முடிச்சுதான் அதிகம். சோற்றை வாயில் வைத்தால் விழுங்குவது மறந்துபோய்க் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பார். நான் வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து விரலை விட்டு எடுப்பேன். அப்படியே இருக்கும், மெல்லாத சோறு.

"அப்பால சாப்பாடே வேணாம்னுட்டாரு. எடுத்துக்கினு போனா, இன்னிக்கி கிருத்திகை வெரதம்மான்னுவாரு. நேத்தும் அதான் சொன்னீங்க மாமான்னா, நாளைக்கும் கிருத்திகைதான்னாரு. உங்க தம்பி காலண்டரை எடுத்தாந்து காட்டினாரு. அவரு காலண்டரைப் பாக்கவே இல்ல."

அண்ணியின் உதட்டில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்து போனது. உடனே முகம் மாறியது.

"எனக்கு ஏன்டி சொல்லல? நான் பெத்த பொண்ணா, வயி போற வியாபாரியா?"

"அவருதான் அண்ணி வேணாம்னாரு. மானாம்பதிக்குத் தெரியக் கூடாதுன்னு சாமி மேல வாக்கு வாங்கிக்கினாரு."

"அவரு சொல்லுவாரு. கொயந்த மாதிரி ஆயிட்டவரு ஆயிரம் சொல்லுவாரு. நீ சொல்லியிருக்கணும். ஒரு நாள் நான் தொடச்சி வுட்டிருப்பனே. எனக்கு அருவருப்பா?" மூச்சு வாங்கிக்கொண்டார். கோபம் நீடிக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "பால் ஊத்தலன்னா இருந்திருப்பாரா?"

பொய் சொல்ல நினைத்தேன். வாக்கையும் மீறிவிட்டு, பொய்யும் சொன்னால் அப்புறம் விளக்கு ஏற்ற எனக்குக் கை வராது.

"இருந்திருப்பாரு. நாலு நாளோ எட்டு நாளோ. எனக்குத் தெரியாது அண்ணி. தண்ணி குடுத்தாலே இருமுவாரு. நான் கஞ்சி குடுக்கும்போதும் அப்டித்தான் ஒரு நாள் கண்ணு செருகிடுச்சி. அன்னிக்கே போயிருந்தா எங் கையில போயிருப்பாரு. உங்க தம்பி புரட்டிப் படுக்க வெக்கறப்ப போயிருந்தா அவரு கையில. யார் கையிலயாவதுதான போவணும்."

இதைச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. எங்கள் ஏரி எந்த நாளில் வற்றியது என்று யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. மதகில் தண்ணீர் நின்ற நாளைச் சொல்வார்கள். மாடு இறங்கிக் குடித்த கடைசிப் பள்ளத்தைச் சொல்வார்கள். வயதாகிச் சாவதும் அப்படித்தான். கூடவே இருந்த எனக்கு அது இரண்டு வருஷம். பொங்கலுக்கும் ஆடிக்கும் வந்துபோன மகளுக்கு அது இரண்டு வாய்ப் பால். 'வயசாயிடுச்சு' என்று ஊர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன யாரும் என் மாமனாரைப் பார்த்துச் சொல்லவில்லை.

படுக்கையில் கிடந்து கஷ்டப்படாமல் அவரைக் கூட்டிக்கொள் என்று நான் எத்தனையோ கிருத்திகைக்கு வேண்டியிருக்கிறேன். சாமி அதைக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்க நான் யார்? கேட்கவும் செய்தேன்.

"இன்னும் சொல்லு" என்றார் அண்ணி.

"போதும் அண்ணி."

"சொல்லுடி. எனக்கு எல்லாம் வேணும்."

"படுக்கப் புண்ணு வந்துடுச்சி. வேப்பிலை அரைச்சிப் போட்டோம். வாழ இலை விரிச்சிப் படுக்க வெச்சோம். ஆறவே இல்ல."

"எங்க?"

"முதுகுல."

"முதுகுல எங்க?"

சொல்லத் தெரியவில்லை. எழுந்து அவர் பின்னால் போய் உட்கார்ந்தேன். ரவிக்கைக்குக் கீழே, இடுப்பு எலும்பு தட்டுப்படுகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தேன்.

"இங்கியா?"

"இங்க. அப்பால இந்தப் பக்கமும்."

"எத்தினி பெரிசு?"

கையை எடுக்காமல் விரலை மட்டும் விரித்தேன். அண்ணியின் உடம்பு ஒரு தரம் குலுங்கியது. எதிரில் குவித்திருந்த கடலையெல்லாம் சிதற, தரையில் அறைந்தார்.

"என்னைப் பெத்த நைனா..."

அந்தக் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். மேளமும் பட்டாசும் இல்லாத வெறும் மத்தியானம். மார்பில் அடித்துக்கொண்டு, பாட்டாகவும் வராமல் பேச்சாகவும் வராமல் அழுதார். நான் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா மாவுக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"இன்னாடி? யார்னா போய்ட்டாங்களா?"

"மாமா போய்ட்டாருக்கா" என்றேன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, சிதறிக் கிடந்த கடலையை ஒதுக்கிவிட்டு அண்ணிக்குப் பக்கத்தில் குந்தி, அவர் தோளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.